இடது கைக் குத்தும் வலது காதும்

போட்டோக்காரருக்குக் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே வேலைதான். அடுத்தவர் தலையை ஆடாமல் நிறுத்துவது. "முகவாயைக் கொஞ்சம் இறக்குங்க. அவ்வளவு வேணாம். தோளைத் தளர விடுங்க. ரெண்டு காதும் எனக்கு ஒரே அளவா தெரியணும். அப்படியே இருங்க, அசையாதீங்க." பாஸ்போர்ட்டுக்கு, அடையாள அட்டைக்கு, வேலைக்கு மனுப்போட என்று இருபது வருடத்தில் அவர் நிமிர்த்தி வைத்த தலைகளை வரிசையாக நிறுத்தினால் தெரு போதாது. ஆறு மணிக்குக் கடையின் ஷட்டரை இழுத்துவிட்டு அதே மனிதர் குத்துச்சண்டைக் கூடத்துக்குப் போவார். அங்கே ஒரு நொடிகூட ஓர் இடத்தில் நிற்காத ஒரு தலையைக் குத்துவதற்குப் பதினொரு வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

அந்தத் தலை சொந்த மைத்துனனுடையது. மனைவியின் தம்பி. பிஸ்கட் கம்பெனி வேன் ஓட்டுகிறவன். கூடத்தில் அவனுக்கு விலாங்கு என்று பெயர். மேடையில் மட்டுமில்லை, எங்கேயும் அவனைப் பிடிக்க முடியாது. "சாப்பிட்டியா?" என்று அக்கா கேட்டால் "அதெல்லாம் ஆச்சு, ஆகாம என்ன" என்பான். சாப்பிட்டானா இல்லையா என்று அந்த வார்த்தையிலிருந்து கடவுளே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வர்றியா?" என்றால் "வராம எங்க போகப் போறேன்" என்பான். வரவே மாட்டான். ஆனால் நல்லவன். அக்காள் வீட்டு பல்பு எரியவில்லை என்றால் சொல்லாமலே வந்து மாற்றிவிட்டுச் சொல்லாமலே போய்விடுவான்.

போட்டோக்காரரிடம் இருந்தது ஒரே ஒரு குத்து. ஜாப். இடது கையை நேராக, சுருக்கென்று நீட்டி, பட்டதோ படவில்லையோ அதே வேகத்தில் இழுத்துக்கொள்வது. பெரிய குத்துச்சண்டைக்காரர்களுக்கு அது முதல் குத்து. அதை வைத்து எதிராளியை அளந்துகொண்டு, வலது கையால் பெரிய அடியைப் போடுவார்கள். இவருக்கு அதுதான் முதலும் கடைசியும். காரணம், வலது கை கேமரா பிடிக்கிற கை. அதில் ஒரு விரல் பிசகினாலும் மறுநாள் பிழைப்பு நாறிவிடும். ஆகையால் வலது கையைக் கன்னத்தோடு ஒட்டிப் பத்திரமாக வைத்துக்கொண்டு, இடது கையால் மட்டும் சண்டை போட்டார். கூடத்தில் அவருக்கு ஒத்தக்கை என்று பெயர் வந்தது. பெயர் வைத்தவர்கள்மீது அவருக்குக் கோபமில்லை. என்னைக் கேட்டிருந்தால் இதைவிட மோசமாக வைத்திருப்பேன் என்று அவரே சொல்வார்.

கூடம் ஒரு பழைய டயர் கிடங்கின் மாடி. படியேறும்போதே ரப்பர் வாடை மூக்கைத் துளைக்கும். மாஸ்டர் பகலில் வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்ப்பவர். நாயிடம் கடிபடாமல் கேட்டைத் திறந்து மூடிப் பழகிய மனிதர், எதையும் நிதானமாகத்தான் சொல்வார். வழுக்குகிற ஆளுக்கு ஜாப் எடுபடுமா என்று போட்டோக்காரர் முதல் வருடமே அவரிடம் கேட்டிருக்கிறார்.

"ஒரு ஜாப் எடுபடாது," என்றார் மாஸ்டர். "அவன் அதுக்குத்தான் காத்துட்டிருப்பான். நீ நீட்டுவ, அவன் சாய்வான், உன் கை காத்துல தொங்கும்போது உள்ளே பூந்து அடிச்சிட்டுப் போயிடுவான். ரெண்டு விடு, மூணு விடு. முதல் ஜாப் படறதுக்கு இல்ல, அவனை நகர்த்தறதுக்கு. அப்புறம் தலையைத் தேடாத. தலை ஓடும், நெஞ்சு எங்க ஓடும்? நெஞ்சைத் தொடு. நாலு தடவை நெஞ்சுல பட்டா கையை இறக்குவான். அப்ப தலை தானா கிடைக்கும்."

எவ்வளவு தெளிவான பேச்சு. இதைக் கேட்டு நடந்திருந்தால் எப்போதோ பிழைத்திருப்பார். ஆனால் கேட்கிற காதா அது? போட்டோக்காரருக்கு நெஞ்சு பிடிக்கவில்லை. தொழில் முழுக்க முகத்தோடு மாரடிக்கிறவர், நெஞ்சைத் தொட்டு ஜெயிப்பதில் என்ன கௌரவம் என்று நினைத்தார். தவிர, அவரிடம் சொந்தமாக ஒரு சித்தாந்தம் இருந்தது. ஃபிளாஷ் அடித்தால் எல்லாரும் கண்ணை மூடுவார்கள். மூடிய கண் திறக்கிற அந்த நொடியில் இரண்டாவது ஃபிளாஷ் அடித்தால் கண் பளிச்சென்று விழும். குழந்தைகளை அவர் அப்படித்தான் எடுப்பார். ஆக, முதல் ஜாபுக்கு மைத்துனன் தலையைச் சாய்ப்பான், சாய்ந்த தலை திரும்பி வரும் இடத்தில் இரண்டாவது ஜாப் காத்திருக்க வேண்டும். காகிதத்தில் போட்டுப் பார்த்தால் பிரமாதமான யோசனை.

குத்துச்சண்டைச் சங்கம் ஐந்து வருடமாக நடத்தும் பந்தயத்தில் இருவரும் ஐந்து முறை மோதினார்கள். இரண்டு பேருக்கும் ஒரே எடை, உள்ளூரில் அந்த எடைக்கு வேறு ஆள் கிடையாது. ஐந்திலும் போட்டோக்காரர் தோற்றார். சும்மா தோற்கவில்லை, ஒரு ஜாப்கூட முகத்தில் படாமல் தோற்றார். மூன்றாவது தடவை ஒன்று பட்டது, நடுவருடைய காதில். இரண்டாம் ஃபிளாஷ் அடிக்கப் போன இடத்தில் மைத்துனன் இல்லை, பாவம் அந்த மனிதர் நின்றிருந்தார். பெரிய மனது பண்ணி மன்னித்துவிட்டார். நான்காவது தடவை போட்டோக்காரர் வீசிய வேகத்தில் தானே ஒரு சுற்றுச் சுற்றிக் கயிற்றில் போய் மாட்டிக்கொண்டார். மைத்துனன்தான் கையுறையோடு வந்து, "மெதுவா மாமா, முட்டியைத் தூக்குங்க" என்று பிரித்துவிட்டான்.

இது போதாதென்று வீட்டுக்கு வந்து பிரசங்கம் வேறு. மனைவி நூலகத்தில் வேலை பார்ப்பவர். பகலெல்லாம் மற்றவர்களைச் சத்தம் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டு, வீட்டில் வந்து இவர் சத்தத்தைக் கேட்க வேண்டும். துணி மடிக்கும்போது, பாத்திரம் கழுவும்போது, ஜாபைப் பற்றியே பேச்சு. "தூரம்தான் எல்லாம். தூரம் சரியா இருந்தா..." என்று இவர் ஆரம்பித்ததும், "அந்தத் தூரத்துல இருக்கிற சட்டையை எடுங்க" என்பார் அவர்.

போன தை கழிந்து இரண்டு மாதம் இருக்கும். ஒரு சாயங்காலம், வழக்கமான பயிற்சியில், போட்டோக்காரர் இடது கையை நீட்டினார். டப் என்று சத்தம் கேட்டது. சத்தம் எங்கிருந்து வந்தது என்று முதலில் அவருக்கே விளங்கவில்லை. பார்த்தால் மைத்துனன் வலது கன்னத்தைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறான். மறுநாள் இரண்டு பட்டன. அந்த வாரக் கடைசியில் ஐந்து. இரண்டாவது ஜாபுக்கு அவசியமே இருக்கவில்லை, முதலாவதே பட்டது. நாற்பது வயதைத் தொட நாலு மாதம் இருக்கையில் ஒத்தக்கைக்கு ஜாப் வந்துவிட்டது.

அதற்கப்புறம் அந்த மனிதரைத் தாங்க முடியவில்லை. தலைகால் புரியாமல் ஆடினார். கடைக்கு வந்தவர்களிடம், "நீங்க சண்டை பார்ப்பீங்களா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் இடது கையை நீட்டிக் காட்டினார். ஒரு பெரியம்மா பயந்துபோய் ஸ்டூலோடு சாய்ந்தார். கூடத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களைக் கூப்பிட்டு வைத்து வகுப்பெடுத்தார். "பதினோரு வருஷம். ஒரே குத்து. பொறுமைதான் ஜாப்" என்று அவர் சொன்னபோது மாஸ்டர் மட்டும் பேசாமல் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக் கண்ணாடி முன் நின்று தன் தோளைத் தானே தட்டிக்கொடுத்ததை மனைவி பார்த்துவிட்டார். பார்த்தும் பார்க்காததுபோல் போனது அவருடைய பெருந்தன்மை.

சங்க விதிப்படி நாற்பது முடிந்துவிட்டால் பந்தயத்தில் மேடையேற முடியாது. ஆகவே அந்த வருடப் பந்தயம்தான் போட்டோக்காரருக்குக் கடைசி. எதிராளி வழக்கம்போல மைத்துனன். மூன்று வாரம் இருந்தது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை நடுவர் தன் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. வெளியில் சொல்ல வெட்கப்பட்டாரே தவிர, ராத்திரி படுத்தால் அந்தத் தூக்கிய கைதான் கண்ணுக்குள் நின்றது.

அந்தச் சமயத்தில்தான் மைத்துனன் கடைக்கு வந்தான். லைசென்ஸைப் புதுப்பிக்கப் படம் வேண்டும் என்றான்.

"உட்காரு மாப்ளே. கன்னத்துல வீக்கம் இல்லையே? படத்துல விழுந்துடப் போகுது," என்று போட்டோக்காரர் சீண்டினார்.

"உங்க புண்ணியத்துல கொஞ்சம் இருக்கு," என்று சிரித்தபடி உள்ளே வந்தவன் வலது தோளைக் கதவு நிலையில் இடித்துக்கொண்டான். "உங்க கடை வாசல் குறுகிப்போச்சு மாமா" என்றான். போட்டோக்காரர் அதற்கும் சிரித்தார்.

ஸ்டூலில் உட்கார வைத்து, வெளிச்சம் சரிபார்த்து, கேமராவில் கண்ணை வைத்தார். மைத்துனனின் வலது காது தெரியவில்லை. முகம் இம்மியளவு வலப்பக்கம் திரும்பியிருந்தது. "நேரா பாரு" என்றார். "நேராத்தானே பார்க்கிறேன்" என்றான். போய் முகவாயைப் பிடித்து நேராக்கிவிட்டு வந்தார். கேமராவுக்குள் பார்த்தால் மறுபடி வலது காதைக் காணோம். மறுபடி நேராக்கினார். மறுபடி திரும்பியது. பன்னிரண்டு படம் எடுத்தார். பன்னிரண்டிலும் இடது காது முழுசாக இருக்க, வலது காது ஒளிந்துகொண்டிருந்தது.

"சும்மா விளையாடாத மாப்ளே, எனக்கு வேற ஆள் காத்திருக்காங்க."

"நான் என்ன பண்ணேன்? கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கேன்."

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் போட்டோக்காரரை உலுக்கியது. இருபது வருடத்தில் அவர் ஒன்று கற்றிருந்தார். சரியாக்கிய தலை திரும்பத் திரும்ப ஒரே பக்கம் போனால் அது பிடிவாதம் இல்லை. ஒரு காது மந்தமானவர்கள் கேட்கிற காதைக் குரல் வரும் பக்கம் கொடுப்பார்கள். கழுத்து பிசகியவர்கள் தோளையும் சேர்த்துத் திருப்புவார்கள். ஒரு கண் சரியில்லாதவர்கள், அந்தப் பக்கமாகவே முகத்தைத் திருப்பி, நல்ல கண்ணை நடுவில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அவர்களுக்கு அதுதான் நேர். இப்படி எத்தனையோ பேரை அவர் பார்த்திருக்கிறார், "இதுக்கு மேல நேராக்க வேணாம்" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு படத்தை எடுத்து அனுப்பியிருக்கிறார்.

பதின்மூன்றாவது படத்தைத் தானே தலையைப் பிடித்துக்கொண்டு எடுக்காத குறையாக எடுத்து, அவனை அனுப்பினார். பிறகு கம்ப்யூட்டரில் பழைய படங்களைத் தேடினார். நான்கு வருடத்துக்கு முன் எடுத்தது, போன வருடம் கம்பெனி அட்டைக்கு எடுத்தது. இரண்டிலும் இரண்டு காதும் ஆணி அடித்ததுபோல் சமமாக இருந்தன. இன்றைய படத்தைப் பக்கத்தில் வைத்தார். வலது கண்.

இடது கையை நீட்டினால் குத்து எதிரே நிற்பவனின் வலப்பக்கமாகத்தான் போகும். போட்டோக்காரர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஜாபும் இல்லை, பொறுமையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வருவது அவனுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். கண் தெரியாத பக்கமாகப் போய் ஒருத்தனை அடித்துவிட்டு, இரண்டு மாதம் ஊர் பூராவும் தம்பட்டம் அடித்திருக்கிறார். காத்திருந்த வாடிக்கையாளர் இரண்டு தடவை இருமிய பிறகுதான் எழுந்தார்.

அடுத்த கடை மூக்குக்கண்ணாடிக்காரரிடம் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டார். எனக்குத் தெரிந்த ஒருத்தர், அடி வாங்குகிற தொழில், ஒரு பக்கம் பார்வை மறைக்கிறதாம். கண்ணாடிக்காரர் கையிலிருந்த ஃபிரேமைக் கீழே வைத்தார். "திரை இறங்கின மாதிரி மறைக்குதுன்னா கண்ணுக்குப் பின்னாடி இருக்கிற விழித்திரை பிரியுதுன்னு அர்த்தமா இருக்கலாம். நாள் கடத்தக் கூடாது சார். மிச்சம் இருக்கிறதையாவது ஆபரேஷன்ல காப்பாத்தலாம். இன்னொரு அடி பட்டா அதுவும் போகும். உங்க ஆளை இன்னைக்கே போகச் சொல்லுங்க."

இன்றைக்கே என்று அந்த மனிதர் சொன்னார். போட்டோக்காரர் இரண்டு நாள் சொல்லவில்லை.

இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது இதுதான். தன் சந்தேகம் தப்பாகக்கூட இருக்கலாம் என்று ஒரு நாள் சொல்லிக்கொண்டார். பந்தயம் முடிந்ததும் முதல் வேலையாக அழைத்துக்கொண்டு போகலாம் என்று மறுநாள் சொல்லிக்கொண்டார். மெதுவாகத்தான் அடிப்பேன், படாத மாதிரி அடிப்பேன் என்றுகூடக் கணக்குப் போட்டார். நாற்பதைத் தொடப்போகும் மனிதர், ஒரு தகர மெடலுக்காக. அந்த இரண்டு நாளும் அவர் முகத்தை அவரால் கண்ணாடியில் பார்க்க முடியவில்லை. முகம் பார்ப்பதே தொழிலாக இருக்கும் மனிதருக்கு அது பெரிய தண்டனை.

இரண்டாம் நாள் மாலை மனைவி போனை வைத்துவிட்டு வந்தார். "வேன்ல சைடு கண்ணாடியை மறுபடி உடைச்சிட்டானாம். ரெண்டாவது தடவை. எந்தப் பக்கம்னு கேட்டா, 'கண்ணாடி இருக்கிற பக்கம்'ங்கிறான். இவனை என்ன பண்றது?"

போட்டோக்காரர் மடித்துக்கொண்டிருந்த துணியைப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் கொட்டினார். காது, படம், கண்ணாடிக்காரர், தான் வாய் மூடியிருந்த இரண்டு நாள் உட்பட. மனைவி கேட்டுக்கொண்டே நின்றார்.

"ரெண்டு நாள் தெரிஞ்சும் சொல்லாம இருந்தீங்களா?"

"ஆமா."

"ஜெயிக்கணும்னா?"

"ஆமா."

மனைவி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டார். "டேய், உன் வலது கண்ணு தெரியுதா இல்லையா?"

போனிலிருந்து அவன் சிரிப்பு வெளியே வரை கேட்டது. "கண்ணு தெரியாமயா வண்டி ஓட்டறேன்? தூசி விழுந்திருக்கும்க்கா. நான் அப்புறம் பேசறேன்." வைத்துவிட்டான். மறுபடி அடித்தார். எடுக்கவில்லை. போட்டோக்காரர் தன் போனிலிருந்து அடித்தார். "மாமா, டிராஃபிக்ல இருக்கேன்" என்றான். வாசலில் வேனோடு பிடிக்கலாம் என்று கம்பெனிக்குப் போனால், பின்வாசல் வழியாகப் போய்விட்டான். விலாங்குக்கு யாரும் கற்றுத்தர வேண்டுமா? நேராகக் கேட்ட எல்லாக் கேள்வியும் அவனுக்குப் பக்கத்தில் காற்றில் போனது.

ஆனால் பயிற்சிக்கு மட்டும் வருவான். அதைத் தவறவிட்டால் ஏன் என்று மாஸ்டர் கேட்பார். மறுநாள் மாலை மாஸ்டரை ஓரமாகக் கூப்பிட்டுப் போட்டோக்காரர் விஷயத்தைச் சொன்னார். "ரெண்டு மாசமா எனக்கும் உறுத்தலா இருந்துச்சு," என்றார் மாஸ்டர். "உன் ஜாப் அவ்வளவு நல்லா இல்லையேன்னு." அந்த நேரத்திலும் போட்டோக்காரருக்குச் சுருக்கென்றது. மனிதப் பிறவி அப்படித்தான் இருக்கிறது.

"டாக்டர்கிட்ட போன்னு நான் சொன்னா இன்னைக்கே கூடத்தை விட்டு ஓடிடுவான்," என்றார் மாஸ்டர். "அவனால இல்லைன்னு சொல்ல முடியாத மாதிரி காட்டணும்."

கையுறை மாட்டி, தலைக்கவசம் மாட்டி, இருவரும் மேடையேறினார்கள். மைத்துனன் வழக்கம்போல ஆடிக்கொண்டே வந்தான். இடுப்பை ஒரு பக்கம் விட்டுத் தலையை மறுபக்கம் எடுக்கிற அந்த அழகு இன்னும் இருந்தது. ஆனால் முகம் வலப்பக்கம் திரும்பியிருந்தது. போட்டோக்காரர் இப்போது அதைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. பதினொரு வருடமாக எதிரே நின்றும் இந்த முகத்தைத் தான் பார்த்ததே இல்லை, குத்த வேண்டிய இடத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறோம் என்று தோன்றியது.

முதல் தடவையாக அவர் வலது கையைக் கன்னத்திலிருந்து எடுத்தார். கூடத்தில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எடுத்தது குத்துவதற்கு இல்லை. மெதுவாக நீட்டி, மைத்துனனின் இடது கண்ணுக்கு முன்னால், நாலு விரற்கடைத் தூரத்தில் அந்தக் கையுறையை நிறுத்தினார். மைத்துனனின் கால்கள் சட்டென்று நின்றன. நின்று பார்த்ததே இல்லாத கால்கள்.

"இது என்ன மாமா புதுசா?" என்றான்.

"அசையாம இரு மாப்ளே. ஒரே ஒரு ஜாப்."

"கண்ணை மறைச்சிட்டா பயந்துடுவேனா?" குரலில் சிரிப்பு இருந்தது, கொஞ்சம் பிசிறும் இருந்தது. இரண்டு கையையும் இறக்கிப் பக்கவாட்டில் தொங்கவிட்டான். "இந்தா, கையையே இறக்கிட்டேன். விடுங்க உங்க ஜாபை. எப்படி வந்தாலும் சாஞ்சு காட்டறேன்."

போட்டோக்காரர் இடது கையை நீட்டினார். அவர் வாழ்நாளில் அவ்வளவு மெதுவாக ஒரு ஜாப் விட்டதில்லை. எங்கேயும் ஒளிக்காமல், எல்லாரும் பார்க்க, நேரே கொண்டுபோய் அவனுடைய வலது கண்ணுக்கு முன்னால் நிறுத்தினார். கையுறையின் தோல் அவன் இமை முடியில் பட்டும் படாமலும் இருந்தது. திறந்த கண் திறந்தபடியே இருந்தது. இமைக்கவில்லை.

கூடத்தில் தோல்பை குத்திக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

"என்ன மாமா," என்றான் மைத்துனன். "விடறதா உத்தேசம் இல்லையா? எவ்வளவு நேரம் காத்திருக்கிறது?"

மாஸ்டர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார்.

"மாமா?"

"விட்டாச்சுடா," என்றார் போட்டோக்காரர். "உன் கண்ணு முன்னாடிதான் இருக்கு."

அவன் சாயவில்லை, நழுவவில்லை. அந்தக் கூடத்தில் அவன் தலை முதல் தடவையாக அசையாமல் இருந்தது. பிறகு தன் வலது கையைத் தூக்கி மெதுவாக முகத்துக்கு முன்னால் கொண்டுவந்தான். அவனுடைய கையுறை இவருடைய கையுறையில் முட்டியது. முட்டியதும் அவன் அப்படியே மேடையில் உட்கார்ந்தான்.

போட்டோக்காரரும் எதிரே உட்கார்ந்தார். பல்லால் கடித்து இழுத்து இரண்டு கையுறையையும் கழற்றி எறிந்தார். அவன் தலைக்கவசத்தை அவிழ்த்தார்.

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு மாசம். முதல்ல ஓரத்துல மட்டும் இருந்துச்சு. இப்ப நடுவும் போச்சு, அடியில ஒரு கீத்து வெளிச்சம்தான் மிச்சம்."

"ஏன்டா சொல்லல? லைசென்ஸ் போயிடும்னா?"

"அதுவும்தான்." பிறகு முதல் தடவையாக ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொன்னான். "முதல் நாள் உங்க ஜாப் பட்டுச்சே, அன்னைக்கே சொல்லிடலாம்னுதான் உங்க வீட்டுக்கு வந்தேன் மாமா. வாசல்ல நிக்கறேன், உள்ளே நீங்க அக்காகிட்ட அடிச்சுக் காட்டிட்டு இருக்கீங்க. உங்களை அவ்வளவு சந்தோஷமா நான் பார்த்ததே இல்லை. அதைக் கெடுக்க மனசு வரல. அப்படியே திரும்பிப் போயிட்டேன்."

போட்டோக்காரர் அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண் ஆஸ்பத்திரி எட்டு மணி வரை திறந்திருக்கும் என்று மாஸ்டர் மேடைக்குக் கீழேயிருந்து சொன்னார். போட்டோக்காரர் அவனை எழுப்பி, அவன் வலப்பக்கமாக நின்று, தோளில் கையைப் போட்டு, ஒவ்வொரு படியாக இறக்கிக்கொண்டு போனார்.